ஈரத்துணி, சணல் கயிறு, பாலித்தீன்

வாரத்தில் ஐந்து நாள் அவர் பல்செட்காரர், மிச்சம் இரண்டு நாள் கலைஞர். இந்தப் பங்கீட்டை அவராகச் செய்துகொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். கலை வாரியம் புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்தி, அட்டை போட்டுக் கொடுத்த பங்கீடு அது. அட்டையின் முன்பக்கம் ‘வார இறுதிக் கலைஞர், ஓவியம் மற்றும் சிற்பம்’ என்று இருக்கும். பின்பக்கம் எறும்பு எழுத்தில் பதினெட்டு விதிகள். அவற்றை யாரும் படிப்பதில்லை. அவரும் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

ஐந்து நாளும் ஒரு பல் ஆய்வகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துப் பல்வரிசை செய்வார். யாருக்குச் செய்கிறார் என்று தெரியாது. அச்சின்மேல் ஓர் எண் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். முகமே பார்க்காமல் முகத்துக்குச் சிரிப்பு செய்துகொடுக்கும் உத்தியோகம். சனிக்கிழமை விடிந்துவிட்டால் ஆளே வேறு. காலையில் பால்கனியில் ஓவியம். சாப்பிட்ட கையோடு கண்காட்சிகளுக்குக் கிளம்பிவிடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னும் மரியாதையாக நின்று, பக்கத்தில் யாராவது “ம்ம்” என்றால் தானும் “ம்ம்” என்றுவிட்டு அடுத்த படத்துக்கு நகர்வார். ஞாயிறு முழுக்கக் களிமண்.

அவர் மனைவிக்குக் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலை. தண்ணீர் வராதவன், கலங்கலாக வருகிறவன், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று வயிறெரிகிறவன் என்று ஒரு நாளைக்கு நூறு பேர் அவள் காதில் கத்துவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல், “உங்க புகார் பதிவாயிடுச்சு. ஏழு வேலை நாள்ல ஆள் வருவாங்க” என்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும். முகத்தை அடையாளம் சொல்ல ஒருவராலும் முடியாது.

அந்த முகத்தைத்தான் அவர் களிமண்ணில் செய்தார். பதினாலு ஞாயிறு அவள் உட்கார்ந்தாள். முதல் ஞாயிறு, இன்னும் எவ்வளவு நேரம் என்று நாலு தடவை கேட்டாள். மூன்றாவது ஞாயிறிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் தன் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று அவளுக்குப் பட்டது. அது பிடித்தும் இருந்தது. மனதில் வைத்துக்கொள்ளாமல் சொல்லியும்விட்டாள். அவருக்குக் காதுமடல் சிவந்துபோனது. “கொஞ்சம் இடது பக்கம் திரும்பு” என்று மட்டும் சொன்னார்.

சிற்பத்துக்குக் ‘கேட்டுக்கொண்டிருப்பவள்’ என்று பெயர் வைத்தார். இடது காது மட்டும் பாக்கி இருந்தபோது, கலை வாரியம் வார இறுதிக் கலைஞர்கள் காட்சியை அறிவித்தது. கடைசித் தேதி ஐந்து நாளில், இடையில் ஞாயிறு இல்லை. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: கட்டாயம் கொடுக்க வேண்டும், ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

களிமண்ணில் கைவைத்த எவருக்கும் ஒன்று தெரியும். செய்த உருவத்தை உள்ளே குடைந்து, பதமாக உலர்த்தி, சூளையில் சுட்டு எடுக்கும்வரை அது கண்டபடி காயக் கூடாது. காய்ந்தால் வெடித்துப் பிளந்துவிடும். அதனால் ஈரத்துணி சுற்றி, மேலே பாலித்தீன் போர்த்தி, சணல் கயிற்றால் கட்டி வைப்பார்கள். சூளையில் அவர் முறை வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. சரி, கட்டிய கட்டோடு கொண்டுபோய்க் கொடுப்போம், திறப்பு விழா அன்று அவிழ்த்துக் காட்டுவோம், சாயங்காலம் திரும்பக் கட்டிவிடுவோம் என்று கணக்குப் போட்டார். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. வாரியத்தைப் பற்றித் தெரியாத யோசனை, அவ்வளவே.

படைப்புகளை வாங்கிக்கொள்ளும் மேசையில் வாரியச் செயலாளரே உட்கார்ந்திருந்தார். படிவத்தில் ‘பயன்படுத்திய பொருள்கள்’ என்ற கட்டம் காலியாக இருப்பதைக் கண்டார். எழுந்து மூட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விரலால் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: ஈரத்துணி, சணல் கயிறு, பாலித்தீன்.

பல்செட்காரர் பதறி, அது உறைதான், விஷயம் உள்ளே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். விளக்கம் எதுவானாலும் எழுத்து மூலம் தர வேண்டும், ஏழு வேலை நாளில் பரிசீலிக்கப்படும் என்றார் செயலாளர். அடுத்த ஆள் படத்தோடு முதுகில் இடித்தார். பல்செட்காரர் நகர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினார். அது இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. சனி, ஞாயிறு காட்சிக்கூடத்துக்கு விடுமுறை. வார இறுதிக் கலைஞர்களின் காட்சியை வார இறுதியில் பார்க்க முடியாது என்பது அவருக்கு லேசாக உறுத்தியது. லீவு போட்டுவிட்டு, நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் போனார். மனைவி புதுச் செருப்பில் வந்தாள். புகார்ப் பிரிவிலிருந்து நாலு பெண்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கூடத்தின் நட்டநடுவில், எல்லா விளக்கும் விழுகிற பீடத்தில், அவருடைய மூட்டை கட்டு அவிழாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தங்க நிற அட்டை: முதல் பரிசு.

தலைமை நடுவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். வெள்ளைத் தலை, கறுப்புக் கண்ணாடி.

“இந்தப் படைப்பு முன்னால நான் பத்து நிமிஷம் நின்னேன். ஒண்ணுமே புரியல. முப்பது வருஷமா நடுவரா இருக்கேன். புரியிற படைப்புக்கு இதுவரைக்கும் நான் பரிசு கொடுத்ததில்ல. புரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?”

கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

“தலைப்பைப் பாருங்க. கேட்டுக்கொண்டிருப்பவள். யாரு கேக்குறா? யாருமே இல்ல. உள்ள ஒண்ணுமே இல்ல. இந்தத் துணிச்சல் நம்ம யாருக்கு வரும்?”

சொல்லிவிட்டு வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பல்செட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல்வரிசையில் இடது கோரைப்பல் ஒரு நூல் உள்ளே திரும்பியிருந்தது. பார்க்க இயல்பாக இருக்கட்டும் என்று போன வருஷம் அவரே அப்படித் திருப்பி வைத்த பல். அவர் செய்தவற்றில் அந்தக் கூடத்தில் திறந்து காட்டப்பட்டது அது ஒன்றுதான்.

பேச்சு முடிந்து, டீக் கோப்பைகள் வந்ததும் நாலு பெண்களும் பீடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே உன் முகம் என்று ஒருத்தி கேட்டாள். உள்ளே இருக்கிறது என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் பீடத்தின் ஓரமாக, மூட்டைக்குப் பக்கத்தில், முகம் தெரியும்படி நின்றாள். காவலாளி ஓடி வந்தார்.

“மேடம், படைப்பை மறைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவள் தள்ளி நின்றாள். அதைப் பார்த்த பல்செட்காரருக்கு எங்கிருந்து வந்ததோ ஒரு வேகம். சட்டைப் பையிலிருந்து மெழுகு வெட்டும் சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சணல் கயிற்றில் வைத்தார். வைத்ததுதான் தாமதம், காவலாளி மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். செயலாளர் வந்து சேர்ந்தார். பரிசு பெற்ற படைப்பைச் சேதப்படுத்துவது குற்றம் என்றார்.

“நான்தான் சார் இதைச் செஞ்சேன்.”

“செஞ்சவங்கதான் சார் முக்கால்வாசி சேதம் பண்றாங்க. மத்தவங்க யாரு கிட்ட வர்றா?”

பல்செட்காரர் கெஞ்சும் குரலுக்கு இறங்கினார். அவிழ்க்க வேண்டாம், தினமும் கொஞ்சம் தண்ணீராவது தெளிக்க விடுங்கள், காய்ந்தால் போச்சு என்றார். செயலாளர் அவருடைய கலைஞர் அட்டையை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, ஒன்பதாம் விதியைக் காட்டினார். வார இறுதிக் கலைஞர் தம் படைப்பைச் சனி, ஞாயிறு தவிர வேறு நாளில் தொடக் கூடாது. தொட்டால் முழுநேரக் கலைஞராகக் கருதப்படுவார். முழுநேரக் கலைஞருக்கு வேறு அட்டை, வேறு கட்டடம்.

“சரி சார், அப்போ சனிக்கிழமை வந்து தெளிக்கிறேன்.”

“சனிக்கிழமை கூடம் மூடியிருக்குமே.”

“நீங்க யாராவது தெளிக்கலாமே சார்?”

“நாங்க தொட்டா அது கூட்டுப்படைப்பு ஆயிடும். கூட்டுப்படைப்புக்குக் கடைசித் தேதி முடிஞ்சிடுச்சு.” செயலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “உங்களுக்கு உதவணும்னுதான் பாக்குறேன். விதி எல்லாப் பக்கமும் இருக்கு.”

பரிசுக் கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பினார். பஸ்ஸில் மனைவி கேடயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்போது, வெடிக்குமா என்று மட்டும் கேட்டாள். அவருக்குப் பொய் வரவில்லை. இன்னும் நாலைந்து நாளில், மெல்லிசான இடத்தில் ஆரம்பிக்கும் என்றார். அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவரால் ஓவியம் வரைய முடியவில்லை. வழக்கம்போல, திறந்திருந்த ஒரு தனியார் கண்காட்சிக்குப் போனால் அங்கே வேறு தலைவலி. போன வாரம்வரை அவரை யாரென்று கேட்காதவர்கள் இப்போது கூட்டமாக வந்து கைகுலுக்கினார்கள். துணிக்காரர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்து எதை மூடப் போகிறீர்கள் என்று ஒருவர் பயபக்தியோடு கேட்டார். சூரிய அஸ்தமனம் மட்டுமே வரைகிற வங்கிக் காசாளர் ஒருவர், சுவரில் இருந்த தம் ஆறு படங்களையும் இறக்கிப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பாதிப்புதான்” என்றார். பல்செட்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ம்ம்” என்றார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஆய்வகத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு பாவப்பட்ட எண்ணுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் கூடுதலாக வைத்துவிட்டார். புதன்கிழமை மனைவி மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்து காட்சிக்கூடத்துக்குப் போனாள். பாலித்தீன் ஓரத்தில் துணி விறைத்துப்போயிருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய வட்டம். அவளுக்குப் பகீரென்றது. அழுகையும் வந்தது. பத்தொன்பது வருஷம் புகார் வாங்கிய பெண், அழுதுகொண்டே அங்கிருந்த விளக்க அட்டையை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் அழுகை நின்றுவிட்டது. நேரே செயலாளர் அறைக்குப் போனாள்.

“சார், ஒரு புகார் பதியணும்.”

“எதைப் பத்தி?”

“அட்டையில ஈரத்துணின்னு போட்டிருக்கீங்க. பீடத்துல இருக்கிறது காஞ்ச துணி. நீங்க வாங்கி வெச்சது ஒண்ணு, காட்டுறது ஒண்ணு. பரிசு வாங்கின படைப்பு எங்க சார் போச்சு?”

செயலாளர் பதிவேட்டை இழுத்துத் திறந்தார். படைப்பு காய்ந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. பதிவேட்டில் இருப்பதும் பீடத்தில் இருப்பதும் வேறாக இருந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏழு வேலை நாளில் கவனிக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தார். அந்த வாக்கியத்தை அவரைவிட அதிகம் சொல்லியிருந்தவள் அசையவில்லை. புகாருக்கு எண் கேட்டாள். எண் போட்டால் பதில் போட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. மாலைக்குள் ஈரப் பராமரிப்புக் குழு அமைந்துவிட்டது. தலைவர் தலைமை நடுவர், அமைப்பாளர் செயலாளர், களப்பணி காவலாளி. குழு தெளித்தால் அது கூட்டுப்படைப்பு ஆகாதா என்று ஒருவர் கேட்டாராம். படைப்பதற்காகத் தொடுவதுதான் படைப்பு, பதிவேட்டைக் காப்பதற்காகத் தொடுவது நிர்வாகம் என்று தீர்மானம் எழுதினார்கள்.

அடுத்த நாளிலிருந்து காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் ஒரு சின்ன ஊர்வலம் நடந்தது. காவலாளி வெள்ளைக் கையுறை மாட்டி, தட்டில் தெளிப்பான் வைத்து ஏந்தி வருவார். பின்னால் செயலாளர் பதிவேட்டோடு வருவார். பாலித்தீனைத் தூக்கி, ஒன்பது தடவை தெளித்ததும் தலைமை நடுவர் சுட்டுவிரலால் துணியைத் தொட்டு, கண்ணை மூடி, “ஈரம்” என்பார். செயலாளர் எழுதிக்கொள்வார். நாலு மணித் தெளிப்பைப் பார்க்க நாற்பது பேர் வர ஆரம்பித்தார்கள். எந்தத் தண்ணீர் என்று நடுவில் ஒரு சர்ச்சை கிளம்பியது. காய்ச்சி வடித்த தண்ணீர் படைப்பின் ஆன்மாவைக் கெடுக்கும் என்று ஒரு விமர்சகர் எழுதினார். கடைசியில், எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில்தான் நனைத்தேன் என்று பல்செட்காரரிடம் உறுதிமொழி வாங்கி, பொதுக் குழாய்த் தண்ணீரே போதும் என்று முடித்தார்கள். சனி, ஞாயிறுக்குக் காவலாளிக்குக் கூடுதல் பணி போட்டார்கள். ஒரு கைப்பிடிக் களிமண்ணைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இத்தனை பேர் காத்தது அந்த ஊரில் அதுவே முதல் தடவை. உள்ளே களிமண் இருப்பதுதான் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

நாலு வாரம் இப்படி ஓடியது. காட்சி முடிந்ததும், படைப்பை நிரந்தரத் தொகுப்பில் சேர்க்க வாரியம் முடிவு செய்தது. கண்ணாடிப் பேழைக்கு மாற்றுவதற்காகத் துணியை நிபுணர் ஒருவர் அவிழ்த்தாராம். வெள்ளிக்கிழமை காலை பல்செட்காரருக்குக் கடிதம் வந்தது. தங்கள் படைப்பின் உட்புறத்தில் களிமண்ணாலான பொதிபொருள் காணப்பட்டது. மேற்படிப் பொருள் பதிவேட்டில் இல்லாததால் இன்று மாலை ஐந்து மணிக்குள் அகற்றிக்கொள்ளவும். தவறினால் கழிவோடு சேர்க்கப்படும்.

மனைவிக்குப் போன் செய்தார். இருவரும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினார்கள். பின்வாசலில், காலிப் பெயின்ட் டப்பாக்களுக்கும் கால் உடைந்த நாற்காலிக்கும் நடுவே, தரையில் அவள் தலை இருந்தது. நெற்றியில் ஒரு சீட்டு: பொதிபொருள். நாலு வாரத் தெளிப்பில் களிமண் அன்று பிசைந்தது மாதிரி குளுகுளுவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

மனைவி சீட்டை எடுத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நேருக்கு நேர் பார்த்தாள்.

“நான் இப்படியா இருக்கேன்?”

“ஏன், நல்லா இல்லையா?”

“நல்லா இருக்கு. யாரோ சொல்றதை நிஜமாவே கேக்குற மாதிரி இருக்கு.” சீட்டைக் கசக்கிக்கொண்டே, “நான் கேக்குறதே இல்லங்க. பத்து வருஷமாச்சு” என்றாள்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவியின் முகத்தை இடது பக்கம் திருப்பினார். பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். பாக்கியிருந்த காதை அந்தப் பின்வாசல் படியிலேயே செய்ய ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். செயலாளர் வந்து நின்றார்.

“என்ன சார் இது? இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வேலை நாள்ல படைப்பைத் தொடக் கூடாது.”

“இது பொதிபொருள் சார்.”

செயலாளர் கையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு தடவை புரட்டினார். பிறகு, அப்படியானால் சரி என்று சொல்லி, போகிற போக்கில், காது நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தலை சூளைக்குப் போய், சிவந்த நிறத்தில் உருப்படியாகத் திரும்பி வந்தது. கேடயத்தை நகர்த்திவிட்டு அலமாரியில் வைக்கலாம் என்றார் பல்செட்காரர். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. ஆபீசுக்குக் கொண்டுபோய்த் தன் மேசையில், தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள். நாலு பெண்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். மூக்கு கொஞ்சம் பெரிது என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் இல்லை என்றார்கள். அது பற்றி இப்போதும் தினமும் பேச்சு நடக்கிறது.

வாரியத்தின் நிரந்தரத் தொகுப்பில் ஈரத்துணி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. உள்ளே தாங்கல் இல்லாமல் தொய்ந்துபோனதால், ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் போர்த்தியிருக்கிறார்கள். முன்னைவிட ஆழம் கூடியிருப்பதாக விமர்சகர்கள் எழுதினார்கள். தெளிப்பு மட்டும் நிற்கவில்லை. தீர்மானம் இன்னும் அமலில் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, மனைவியின் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். எதிர்முனையில் பதறிய குரல். காட்சிக்கூடம் இருக்கும் தெருவில் குழாய் உடைந்து சொட்டுத் தண்ணீர் வரவில்லையாம். பொதுக் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு எதையும் தெளிக்கக் கூடாது என்று தீர்மானம் இருக்கிறதாம். படைப்பு காய்கிறதாம். தலைமை நடுவர் காலையிலிருந்து விரலை வைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

அது செயலாளரின் குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவள் குரல் தெரியவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு புகாரை முழுசாக, ஒரு சொல் விடாமல் கேட்டாள். பக்கத்தில் அந்தத் தலையும் கேட்டுக்கொண்டிருந்தது.

“உங்க புகார் பதிவாயிடுச்சு சார். ஏழு வேலை நாள்ல ஆள் வருவாங்க.”

“ஏழு நாளா? அதுக்குள்ள காஞ்சு போயிடுமேம்மா.”

“ஏழு வேலை நாள் சார்” என்றாள் அவள். “சனி, ஞாயிறு சேராது.”